இடமிருந்து வலம்

மலராசிரியர் நான்தான்.
முதல் தாளில் என் பெயர், தடித்த எழுத்தில்.
அதற்குப் பிறகு எத்தனை இடத்தில் வருகிறேன் என்று
ஓர் இரவு எண்ணிப் பார்த்தேன்:
விவாத அணி, மாணவத் தலைவியர், சாரணியம்,
நாடகம், இரண்டு கவிதை, நன்றியுரை...
பதினொன்று.

தொழில்நுட்பப் பிரிவு முழுவதற்கும்
ஒன்றரைப் பக்கம்.
மற்ற அரையில் அக்கரைப்பற்று ஹார்ட்வெயார் கடை,
வாளியும் குழாயும்.
ஐந்து இடத்தில் என்னை வெட்டினேன்.
கவிதைகளில் ஒன்றைத்தான் வெட்ட முடிந்தது.

எங்கள் வகுப்பில் கோபிகரன் இருவர்.
மா. கோபிகரன் மாகாணத்தில் ஈட்டி எறிந்தவன்.
வ. கோபிகரன் அதை ஓடிப்போய் எடுத்து வந்தவன்.
முன்னெழுத்து மாறினால் தகப்பனே மாறிப்போகும்,
பதக்கமும் வேறு வீட்டுக்குப் போகும்.
நாற்பத்தொன்று தசம் இரண்டு ஆறா,
நாற்பத்திரண்டு தசம் ஒன்று ஆறா?
"கூடினதைப் போடு, பள்ளிக்கூடத்துக்குத்தானே பெருமை"
என்றார் பொறுப்பாசிரியர்.
வலயத்துக்குப் போன் எடுத்தேன்.
குறைந்ததுதான் சரி.
மா. கோபிகரன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

இதெல்லாம் சுலபம்.

பக்கம் அறுபத்துமூன்று, கலைப்பிரிவு.
படம் எடுத்த வெள்ளிக்கிழமை
கல்முனை ஸ்டூடியோக்காரர் எங்களை
மூன்று படியாக அடுக்கிவிட்டுக் கேட்டார்:
"டை இல்லாதது ஆர்?"
வருணப்பிரியன் கை தூக்கினான்.
"நீ இதைப் பிடி தம்பி" என்று
கதவளவு ரெஜிபோம் மட்டையைக் கொடுத்தார்,
வெயில் அதில் பட்டு எங்கள் முகத்தில் விழ.
கடற்காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது.
காலை அகட்டி ஊன்றி நின்றான்.

நான் முன்வரிசை, அதிபருக்குப் பக்கத்தில்.
என் பையில் இன்னொரு டை இருந்தது.
நினைவு வரவில்லை என்று சொல்லலாம்.
வந்தது.

அச்சகத்தில் ஹில்மி நானா விளக்கம் கேட்டார்.
இருப்போர், இடமிருந்து வலம்.
நிற்போர், முதலாம் வரிசை.
இரண்டாம் வரிசை.
சமுகமளிக்காதோர்: பொ. வருணப்பிரியன்.
எல்லா மலரிலும் உள்ள சொல்தான்.
இடாப்பைப் பார்த்தேன்,
அன்று அவன் வந்திருக்கிறான்.
படத்தைப் பெருப்பிக்கச் சொன்னேன்.
என் மூக்குக் கண்ணாடியின் வலப்பக்கத்தில்
சின்னதாய் ஒரு வெள்ளைச் சதுரம்.
சதுரத்துக்குக் கீழே இரண்டு கால்.

அழித்துவிட்டு எழுதினேன்,
ஒளி பிடித்தவர்: பொ. வருணப்பிரியன்.

முதல் புரூப்பில் சேர் சிவப்பால் கீறினார்.
"அப்படியொரு தலைப்பு இல்லை."
"வராதவன் என்று போடுறது பொய், சேர்."
"பொய்யில்லை. வழமை."
இரண்டாம் புரூப்பில் திரும்பப் போட்டேன்,
திரும்பக் கீறினார்.
மூன்றாவது வந்தபோது
அவர் பரீட்சைக் கடமையில் பொத்துவில் போயிருந்தார்.
"தங்கச்சி, பிளேட் அடிக்கப் போறன்,
இந்த வரி பிழையா சரியா, கடைசியாச் சொல்லுங்க."
சரி என்றேன்.

காசு கட்டாதவர்களுக்குப் பிரதி இல்லை.
என்னுடையதை எடுத்துக்கொண்டு
திருக்கோவில் கடற்கரைக்குப் போனேன்.
கரைவலை இழுத்து முடிந்திருந்தது.
கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு
அறுபத்துமூன்றைத் திறந்தான்.
நிரம்ப நேரம் பார்த்தான்.
டையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.

"என்னகா, ஒரு சுழி குறையுது."

குனிந்து பார்த்தேன்: வருனப்பிரியன்.
மூன்று புரூப், ஒரு வழக்கு,
சிவப்புப் பேனையோடு அத்தனை சண்டை.
அந்த எழுத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

"கிடக்கட்டும். கடலுக்குப் போறவனுக்குச்
சுழி குறைஞ்சா நல்லந்தானே."

என் பேனையை வாங்கி
குறைந்த சுழியை மெதுவாகச் சுழித்தான்.
உப்புக் கை பட்டு மை கொஞ்சம் பரவியது.

மிச்சம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பிரதி.