இரண்டாம் நாள்

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை.
சையத் பாட்சா மலைப்படிகளில்
ஆறு முறை ஏறி, ஆறு முறை ஓடி இறங்கினேன்,
ஞாயிறு விடியலில்,
கல் ஏற்றிய லாரிகள் பைபாஸில் விளக்கணைக்கும் நேரம்.
ஏற்றம் மூச்சை மட்டும் எடுத்துக்கொண்டது.
கணக்கு எழுதிக்கொண்டது இறக்கம்தான்.

திங்கள் எதுவும் கேட்கவில்லை.
செவ்வாய், இரவுப் பணிக்குக் கிளம்பும்போது,
மாடியின் முதல் படியிலேயே
வசூலுக்கு வந்து நின்றது.
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன்.
கீழ்வீட்டு நாகவேணி கதவைத் திறந்து பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் சாத்திக்கொண்டாள்.

கெண்டைக்கால் என்று பேர் வைத்தவர் யாரோ
நிச்சயம் ஒருநாளாவது ஓடியிருப்பார்.
தோலுக்கடியில் அது மீன்தான்.
அணையிலிருந்து இழுத்துக் கரையில் போட்ட பின்னும்
வாலடித்துக்கொண்டே கிடக்கிற மீன்.

அதைப் பிடித்துவைக்க
ஓசூரில் வாங்கினேன் இந்த இறுக்க உறையை.
ஆயிரத்து நூறு ரூபாய், கருப்பு.
போடப் பத்து நிமிடம்,
கட்டிலில் மல்லாந்து, மூச்சைப் பிடித்து,
விரல் விரலாக மேலே தள்ளி,
நடுவில் ஒரு கெட்ட வார்த்தை.
கழற்றினால் தையல் தடம் இரண்டு கோடாகப் பதிந்திருக்கும்.
ரயிலே வராத எங்கள் டவுனில்
என் காலில் மட்டும் தண்டவாளம்.

வலி குறைகிறதா?
கொஞ்சம் என்கிறார்கள். நம்பிக்கை என்கிறார்கள்.
போடாத வாரமும் ஆறத்தான் செய்தது.
ஆனாலும் யாரோ பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி இருக்கிறது,
அதற்கு ஆயிரத்து நூறு அதிகமில்லை.

பெண்கள் வார்டு, பதினோரு மணி.
ஏழாம் கட்டில் கெம்பம்மாவுக்குக் கட்டு மாற்ற வேண்டும்.
ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில்
இருபத்திரண்டு வருடம் நின்ற கால்.
சுருண்ட நரம்பு. கணுக்காலுக்கு மேலே
ஒரு ரூபாய் அகலத்தில் மூடாத புண்.
பாதத்தில் இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு,
கை தானாகச் சுற்றியது.
குனிந்தவள் நிமிர முடியாமல்
கட்டில் கம்பியைப் பிடித்தேன்.
பேன்ட் விளிம்பு உயர்ந்து கருப்பு தெரிந்தது.

"உனக்குமா கண்ணு?
நின்னு நின்னு வந்துதா?"

மலை, படி, ஆறு முறை,
அக்டோபரில் ஓடப்போகும் இருபத்தோரு கிலோமீட்டர்,
ஒருத்தரும் கூலி தராமல்
நானே போய் வாங்கிவந்த வலி,
எல்லாம் வாய்வரைக்கும் வந்தது.

"ஆமாக்கா" என்றேன்.

அவள் முனகிக்கொண்டே நகர்ந்து படுத்தாள்.
கட்டுப் போட்ட காலை ஓரமாக ஒதுக்கினாள்.
"பெரிய நர்சம்மா டீக்குப் போயிருக்கு.
உக்காரு. காலத் தூக்கி இதுமேல வை."

வைத்தேன்.
ஒரே தலையணைமேல்
அவளுடைய வெள்ளையும் என்னுடைய கருப்பும்.
விளக்குக்குக் கீழே பார்த்தால்
ஒரே நோய் மாதிரிதான் இருந்தது.

என்னுடையது வியாழனுக்குள் ஆறிவிடும்.