மூன்றாம் மாடி, பின்பக்க அறை

சாவியை இடப்பக்கம் திருப்புங்கள்,
கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி.
திறக்காவிட்டால் திட்டுங்கள்,
எனக்கு அப்படித்தான் திறக்கிறது.
ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரவு வேலை எனக்கு,
காலை ஏழுக்கு மேல்தான் வருவேன்.
அதுவரை லிமா நகரத்தில் உங்களுக்குத் துணை
இந்தத் தாள்தான்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.
கொதித்து ஆறியது இருக்கிறது, நீல மூடி போட்ட ஜாடியில்.
குடை கொண்டுவந்திருந்தால் பெட்டியிலேயே கிடக்கட்டும்.
இங்கே மழை பெய்வதில்லை.
பெய்யலாமா என்று யோசித்துக்கொண்டே
ஆறு மாதம் நிற்கும் வானம்.
அந்த ஈரத்துக்கு கரூவா என்று பெயர்.
துவைத்த காலுறை காய மூன்று நாளாகும்.
அவசரமென்றால் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போடுங்கள்,
பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.

டாக்ஸியில் மீட்டர் கிடையாது.
ஏறுவதற்கு முன்பே ஜன்னல் வழியாக விலை பேசுங்கள்.
அவர் சொல்வதைக் கேட்டுச் சிரியுங்கள்,
இரண்டு எட்டு நடங்கள்.
கூப்பிடுவார்.
கூப்பிடாவிட்டால் அவர் சொன்னதுதான் நியாயமான விலை.

கடல் பார்க்க வேண்டுமா, மூலையில் நின்று
"தோதோ பிரசில்" என்று கத்துகிற வேனில் ஏறுங்கள்.
அந்த நாட்டுக்குப் போகாது, பயப்படாதீர்கள்.
பிரசில் சாலை முழுக்கப் போகும் என்று அர்த்தம்.
இறங்குமிடம் வரும்போது "எஸ்கினா, பாஹா!" என்று
நீங்களும் கத்தவேண்டும்.
மெல்லச் சொன்னவர்களை மூன்று தெரு தள்ளி இறக்கியிருக்கிறேன்.
வலது காலை முதலில் வையுங்கள்.
சகுனத்துக்காக அல்ல, வேன் முழுசாக நிற்காது.
ஒன்பது வருடம் அந்தக் கதவில் தொங்கியவள் நான்.

சில்லறை.
ஐந்து சோல் நாணயம் கைக்கு வந்ததும் கல்லில் தட்டுங்கள்.
நல்லது பாடும், கள்ளது இருமும்.
யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்,
இந்த ஊரே தட்டுகிறது.

மாடிப்படி அருகே பச்சைத் தகட்டில்
பாம்புபோல் நெளிந்த ஓர் எழுத்து இருக்கும்.
தரை ஆடினால் அதன் கீழே போய் நில்லுங்கள்.

நான் நின்றிருக்கிறேன்.
பொலோஞேசி சதுக்கத்துக்குப் பக்கத்தில், ஒரு சாயங்காலம்.
அதற்கு அரை நிமிடம் முன்புவரை
செய்தித்தாளில் ரம்பத்தைச் சுற்றி வைத்திருந்த
ஒரு தச்சரோடு சண்டை.
அவர் நீட்டிய ஐந்து சோல் இருமியது.
இருபது பேர் கேட்கத் திருடன் என்றேன்.
பிறகு தெரு
தளும்பத் தளும்பத் தூக்கிப்போகிற வாளியைப்போல் ஆனது.
வங்கிச் சுவரோரம், அந்த எழுத்தின் கீழ்,
பதினோரு பேர்.
ஒரு பெண் மட்டும் விநாடிகளை எண்ணிக்கொண்டே இருந்தாள்,
எண்பது, எண்பத்தொன்று,
நின்றால் கட்டடம் விழுந்துவிடும் என்பதுபோல.
என் கையைப் பிடித்திருந்தது யாரென்று
ஆட்டம் அடங்கிய பிறகுதான் பார்த்தேன்.
ரம்பம்.
மீதிச் சில்லறை கேட்காமல் நடந்து போய்விட்டார்.

நாணயம் என் உள்ளங்கையில் பதிந்திருந்தது.
இரவு வாசற்படியில் தட்டினேன்.
பாடியது.
இன்னொரு தடவை தட்டினேன்.

ஓடுகிற வேனில், ரேடியோ அலறலில்,
எந்தக் காசும் இருமத்தான் செய்யும்.
இதையும் சொல்லிவிடுகிறேன், தட்டுவதென்றால்
சத்தமில்லாத இடத்தில் தட்டுங்கள்.

ஜன்னல் விளிம்பில் இருப்பது அதுதான்.
ரொட்டிக்காரன் ஊதுகுழலோடு ஐந்து மணிக்கு வருவான்,
சில்லறை போதாவிட்டாலும் அதை எடுக்காதீர்கள்.
கடனாகத் தருவான், என் பெயரைச் சொல்லுங்கள்:
நெலிதா.

வெந்நீருக்குச் சிவப்பு சுவிட்ச், இருபது நிமிடம்.
மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்கு முன்னால் போங்கள்,
அதற்குப் பிறகு சூப்பில் தண்ணீர் கூடும்.

ஒன்று மறந்துவிட்டேன்.
யாரிடம் வழி கேட்டாலும்
"இதோ, இங்கேதான்" என்பார்கள்.
அப்படிச் சொன்னால்
நல்ல செருப்பாகப் பார்த்து மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.