சூடுள்ள எதுவும்

மணிக்கு நாற்பது யூரோ. டீசல் தனி.
லுபானா ஏரிப் பக்கம் புல்லறுக்க வேண்டுமென்றால்
என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
மூன்று மீட்டர் அகலம் என் கத்தி.
மழைக்கு முந்த வேண்டும்,
எனக்குத் தெரிந்த வானிலை அவ்வளவுதான்.

கிரியெஸே என்றொரு பறவை எங்கள் புல்லில் உண்டு.
கானாங்கோழிச் சாதி.
ஐம்பத்திரண்டு வயதில்
ஒருமுறையும் அதை முழுதாய்ப் பார்த்ததில்லை.
குரல் மட்டும்:
சீப்பின் பல்லில் நகத்தை இழுத்து
மறுபடி இழுத்தாற்போல்
ஜூன் மாத ராத்திரி முழுக்கத் தூங்கவிடாது.
ஆப்பிரிக்காவிலிருந்து வருமாம்,
வந்து, என் கத்தி வரும் வயலாய்ப் பார்த்துக்
கூடு கட்டுமாம்.

வீஸ்மாவுக்குப் பதினாறு.
பால்பண்ணைக் கணக்கரின் மகள்.
மூன்று பிஸ்கட் டின்,
செத்த கைபேசிகளின் மைக்,
தோட்ட விளக்கில் பிடுங்கிய சூரியத் தகடு.
குரல் எந்த டின்னுக்கு முதலில் எட்டியது,
எதற்கு இமைப்பொழுதில் பாதி பிந்தியது,
கழித்துப் பார்த்தால் பறவை நிற்கும் இடம் வருமாம்.
வந்தது.
ஓடைக்கரைப் புதரருகே
நான்கு சிவப்புக் குச்சி நட்டாள்.
"இதைச் சுற்றிப் போங்க, குந்திஸ்."

சுற்றித்தான் போனேன்.
நடு வயலில் கத்தி சிக்கியது.
இறங்கிப் பார்த்தால்
ஓட்டுத் துண்டுகள், கரிநிறப் பஞ்சு,
பஞ்சில் ஈரம்.

கூவுவது ஆண்.
அடைகாப்பவள் வாய் திறப்பதேயில்லை.
குரலை வைத்து வீட்டைத் தேடினால்
கூவுகிறவனின் திண்டாட்டம்தான் கிடைக்கும்,
வீடு கிடைக்காது.
அவள் அழுவாள் என்று நினைத்தேன்.
தரையிலிருந்து கத்திக்கு எத்தனை சென்டிமீட்டர்
என்று அளந்து எழுதிக்கொண்டாள்.

குளிர்காலம் முழுக்கப் பள்ளிப் பட்டறையில்
ஈயம் உருகிய நாற்றம்.
என் பழைய டிராக்டர் பாட்டரியைப்
பாதி விலைக்குக் கொடுத்தேன். சும்மா இல்லை.
ஜூலையில், எஞ்சினுக்கு முன்னால் நீட்டிய கம்பில்
ஒரு வெப்பக் கண்.
சூடு தெரிந்தால் கத்தும்.
முதல் நாள் காலை பத்து மணிக்கு
கல்லுக்குக் கத்தியது, எலி தோண்டிய மண்ணுக்குக் கத்தியது,
என் முன்சக்கரத்துக்கே கத்தியது.
ஒரு மணியில் அறுபத்து மூன்று தடவை.
ஒயரைப் பிடுங்கிப் போட்டேன்.

மறுநாள் வந்து நின்றாள்.
"விடியற்காலை மூணு மணி.
பனி இறங்கின புல் ஜில்லுனு இருக்கும்.
அதுல உயிர் மட்டும் தனியாத் தெரியும்."
"ஈரப் புல்லை எவன் அறுப்பான்?"
"அப்புறம், நடுவுல ஆரம்பிச்சு வெளிய வெளிய போகணும்."
முப்பது வருஷம்
ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே வந்திருக்கிறேன்.
கடைசிப் பட்டையில் ஒண்டி நின்றது என்னவென்று
ஒரு தடவையும் இறங்கிப் பார்த்ததில்லை.

மூன்று மணி. பால் திரிந்த வெளிச்சம்.
நாலாவது சுற்றில் கத்தியது.
நிறுத்தினேன்.
டார்ச்சோடு ஓடினாள், புல்லை விலக்கினாள்.
குட்டி முயல்.
காதை முதுகில் ஒட்டிக்கொண்டு
கல்லைப் போல் நடித்தது.
நோட்டில் 'தவறு' என்று எழுதினாள்.

"முயல் எப்படித் தவறாகும்?" என்றேன்.
ஏன் கேட்டேனென்று தெரியவில்லை.
தூக்கம் கெட்ட எரிச்சலாக இருக்கலாம்.
பென்சிலைக் கடித்தாள்.
பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு
'மற்றவை' என்று தலைப்பிட்டாள்.

ஏழு மணிக்கு நோட்டைக் காட்டினாள்:
கிரியெஸே, சுழி.
மற்றவை, முயல் மூன்று,
பெயர் தெரியாத முட்டை மேல் வாத்து ஒன்று,
ஒன்றுக்கிருக்க இறங்கிய குந்திஸ் ஒன்று.

கடைசிச் சுற்றின்போது
வெட்டாத ஓரத்துக்குள் ஏதோ கறுப்பாய்,
சிறிதாய், வரிசையாய் நுழைந்ததாக
அவள் சொல்கிறாள். நான் பார்க்கவில்லை.
கருவியும் கத்தவில்லை.

ரசீது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.
அறுத்தது நான்கு ஹெக்டேர்.
நின்றது பதினேழு நிமிஷம்.
அதற்கு நேரே விலைக் கட்டம்
காலியாய் இருக்கிறது.