நீலம் பார்க்கவில்லை

நுவரெலியா – வெலிமடை. நாளுக்கு மூன்று நடை.
டிக்கெட் கிழிப்பது கை.
மிச்சக்காசுக்குப் பதில் சொல்வது வாய்.
கண்ணை மட்டும் நான்
முதலாளிக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

சீத்தாஎலிய ஓடையில் சாம்பல் வாலாட்டி.
ரெந்தபொல வளைவில், மின்கம்பியில்,
ஹோர்ன் அடித்தாலும் கழுத்தைத் திருப்பாத வல்லூறு.
டிக்கெட்டின் முதுகில் எழுதிச்
சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன்.
இரவில் ரெஜினா துவைக்கக் கேட்கும்போது
பறவைகளை முதலில் வெளியே எடுக்க வேண்டும்.
இரண்டு தடவை மறந்துவிட்டேன்.
ஒரு மரங்கொத்தியும் ஒன்பது வெள்ளைக்கண்ணிகளும்
சவர்க்காரத்தோடு போய்விட்டன.

பங்குனியில் ஒரு மாலை.
ஹக்கல பூந்தோட்டம் தாண்டி, மதகுக்கு அருகில்
பஸ் நின்றிருந்தது.
ஒரு கிழவர் ஏறிக்கொண்டிருந்தார்,
படிக்கு ஓர் இருமலாக.
அப்போது பிரேக் பிடிக்கும் சத்தம்,
ஈரக் கண்ணாடியில் ஆணியை இழுத்ததுபோல,
மெல்லியதாய், நீளமாய்.

"பிரேக் சரியில்லை அண்ணே" என்றேன்.
"நான் காலே வைக்கலையே" என்றார் கருணாசேன.

யாரோ சீட்டில் விட்டுப்போய்
மூன்று மாதம் தேடி வராத புத்தகம் என்னிடம் இருந்தது.
ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன்:
சீகாரப் பூங்குருவி. இந்தத் தீவில் மட்டும்.
மலைக்காட்டு ஓடைகளில், விடியலிலும் அந்தியிலும்.
எளிதில் காணக் கிடைக்காது.
ஆண் கருநீலம். தோளில் பளிச்சென ஒரு நீலத்திட்டு.

அதன்பிறகு, கடைசி நடையில்,
ஆளில்லாத அந்த மதகடியில்
கருணாசேன அண்ணன் கண்ணாடி துடைக்க இறங்குவார்.
நுவரெலியாவிலேயே துடைத்த கண்ணாடி.
ஒன்றும் சொல்லமாட்டார். நானும் கேட்கமாட்டேன்.
ஏழு மாதத்தில் எனக்குக் கிடைத்தவை:
சத்தம், பதினொரு தடவை.
இலை அசைந்தது, நான்கு தடவை.
வால் என்று நினைத்த ஒரு குச்சி.

ஐப்பசியில், மெய்யாகவே பிரேக் காய்ந்தது.
சில்லிலிருந்து புகை.
கோவா மூட்டை, லீக்ஸ் மூட்டை, பிள்ளைகள்,
எல்லாரும் தாரில் இறங்கி
ஆளுக்கொரு ஆலோசனை சொன்னார்கள்.
நான் சில்லுக்குக் கல் வைக்கக் குனிந்தேன்.
குனிந்த இடத்திலிருந்து மதகின் அடி தெரிந்தது.

பாசிக்கல்லில் அது.
முதுகு எனக்கு. முகம் ஓடைக்கு.
கறுப்பு. ஈரம் தேங்கிய கறுப்பு.
கருங்குருவியாகவும் இருக்கலாம்.
அதற்கென்றால் அலகு செம்மஞ்சள்.
இதன் அலகோ தண்ணீருக்குள்.
திரும்பு என்றேன், மூச்சில்.
"தம்பி, கல்லு!" என்றது பஸ்.
கல்லைப் பார்த்தேன்.
மறுபடி பார்த்தபோது
பாசி மட்டும் கொஞ்சம் அசைந்துகொண்டிருந்தது.

மதகின் அந்தப் பக்கம்
கோவா மூட்டையில் சாய்ந்து நின்ற அக்கா சொன்னார்:
"என்னா குருவி அது?
வெள்ளச் சட்டைக்கு நீலம் போடையில
கரையாம ஒரு சொட்டு நிக்குமே,
அந்த மாதிரி இருந்துச்சு தோள்ல."

ஏழு மாதம்.
என் பக்கம் இருட்டு. அவர் பக்கம் வெளிச்சம்.
புத்தகம்கூட இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை.
அலகு என்ன நிறம் என்று கேட்டேன்.
"கறுப்பு. என்னத்துக்கு?"

பிரேக் ஆறியது. விளக்கு எரிந்தது.
ஹக்கல, ஆறு பத்து என்று எழுதினேன்.
முதுகு கறுப்பு.
நீலம்: நான் பார்க்கவில்லை.
பேர் எழுதும் இடத்தில் பேனா கொஞ்சநேரம் நின்றது.
பிறகு மூடிவிட்டேன்.

அந்த அக்காவின் டிக்கெட்டைக் கேட்டு வாங்கினேன்.
அதன் முதுகில்: சீகாரப் பூங்குருவி. ஆண். ஒன்று.
"வச்சுக்கங்க அக்கா, இது ஒங்களோடது."
திருப்பிப் பார்த்தார்,
வெற்றிலைப் பையில் மடித்து வைத்தார்.

ரெந்தபொலயில் இறங்கியவர்
மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டே கேட்டார்,
மிச்சம் பத்து ரூபா எங்கே என்று.