இருபத்திரண்டு நிமிடம்

பம்பை நிறுத்தச் சொன்னேன்.
மோமார் நிறுத்தினான்.
அதுவரை இல்லாதிருந்த கடல்
சவுக்குத் தோப்புக்கு அப்பால்
இரைய ஆரம்பித்தது.

விளிம்பிலிருந்து ஐந்து மீட்டர் எழுபது.
காலையில் நான்கு பத்து.
இறைத்த பள்ளம் நூற்றறுபது சென்டிமீட்டர்.
கைபேசியில் கடிகாரத்தை ஓடவிட்டு
சிமெண்டு உறைமேல் குப்புறக் கிடக்கிறேன்,
நாடாவின் நுனி தண்ணீரைத் தொடும்
அந்தச் சின்ன 'டப்'புக்காக.

ஐந்தாம் நிமிடம் எண்பது பாக்கி.
பத்தில் நாற்பது.
பதினைந்தில் இருபது.
ம்போரோவின் மணல் இப்படித்தான்,
கேட்ட கையோடு எடுத்துக் கொடுத்துவிடும்.
களிமண்ணாக இருந்தால்
இந்நேரம் ஒரு விரற்கடை ஏறியிருக்கும்,
நானும் சாப்பிடப் போயிருப்பேன்.

மிச்சத்தில் பாதி,
அந்த மிச்சத்திலும் பாதி.
பழைய மட்டத்தை ஒருநாளும் தொடாத கணக்கு.
நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வந்தால்
வந்ததாக வைத்துக்கொள்வது
எங்கள் அலுவலக வழக்கம்.

இருபத்திரண்டு நிமிடம் என்றேன்.
மோமார் விரல்விட்டு எண்ணினான்:
இறைக்கப் பத்து, ஊற இருபத்திரண்டு,
ஒரு காலைக்கு எத்தனை பாத்தி,
டக்கார் லாரிக்கு எத்தனை மூட்டை வெங்காயம்.
பெட்ரோல் விலையைக் கழித்தபிறகும்
சிரிப்பு மிச்சமிருந்தது.

கள்ளிவேலியின் சந்து வழியாக
பெந்தா வந்தாள், இரண்டு பூவாளிகளோடு.
ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தாள்.
இரண்டும் கணீரென்றன.

நாற்பதடி தள்ளி அவள் கேணி.
உறை கிடையாது, பம்பு கிடையாது.
சரிவில் நடந்து இறங்கி முகக்கிற
மணற்குழி.
தண்ணீரைச் சுற்றி
ஒரு சாண் அகலத்துக்கு ஈரப்பட்டை,
கறுப்பாக,
சற்றுமுன் வரை தண்ணீர் நின்ற இடம்.
அவள் முட்டைக்கோஸ் வரிசையில்
பாதிதான் நனைந்திருந்தது.

படிவத்தை மடியில் விரித்தேன்.
ஊறும் நேரம் என்று ஒரு கட்டம்.
இருபத்திரண்டு என்று எழுதினேன், தவறில்லை.
எங்கிருந்து ஊறியது என்று
கட்டம் போட
அச்சடித்தவருக்குத் தோன்றவில்லை.
ஓரத்தில் எழுதப்போனேன்,
பேனா காகிதத்தைக் கிழித்தது.
கீழே மணல்.

மோமார், பம்பைப் போடு.
இந்தத் தடவை பெந்தாவின் குழியில்
நான் நாடாவோடு உட்காருகிறேன்.
பத்து நிமிடம் இறை.
எவ்வளவு இறங்குகிறதென்று பார்ப்போம்,
அதற்குப் பிறகு
அவளுக்கு எத்தனை, உனக்கு எத்தனை என்று
புதிதாகக் கணக்கிடலாம்.

பெந்தா எனக்குமுன் சரிவில் இறங்கி
தண்ணீரின் ஓரத்தில் ஒரு கிளிஞ்சலை நட்டுவைத்தாள்.

வேலிக்கு அந்தப்பக்கம் மோமார்
பம்பின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.
கடல்
இன்னும் கேட்கிறது.