மூன்றாவது கொம்பு

அத்-பாஷியில் மார்ச் மாதமும் குளிர்காலம்தான்.
மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு வந்து
ஜூரகான் கெட்டிலைத் திரும்பத் திரும்ப ஏற்றுகிறாள்:
ஒரு கொதி தேநீருக்கு, நான்கு கொதி கம்பளிக்கு.

ஷிர்தாக்குக்குத் தறி கிடையாது.
ஆட்டுமயிரை நாணற்பாயில் பரப்பி
வெந்நீர் ஊற்றிச் சுருட்டி
மிதி மிதியென்று மிதித்தால்
மயிர் மயிரைப் பிடித்துக்கொள்ளும்.
பிறகு பிரிக்க முடியாது;
பிரிக்க நூல் என்று ஒன்று இல்லையே.

சிவப்பின்மேல் கறுப்பை வைத்து
சோப்புச் சில்லால் கடாக்கொம்புகள் வரைந்து
இரண்டையும் ஒரே வெட்டாய் வெட்டுவாள்.
சிவப்பின் பள்ளத்தில் கறுப்பு உட்காரும்,
கறுப்பின் பள்ளத்தில் சிவப்பு.
ஒன்று கேட்டாலும் இரண்டு பிறக்கும்.
ஒன்றை விற்பாள். மற்றது கட்டிலுக்கு அடியில்.
"ஏன் இப்படி வீணாக?" என்பாள் எதிர்வீட்டு பூசய்ரா.
"வீணாகக் கூடாதென்றுதான்."

நோவோசிபிர்ஸ்கிலிருந்து அவன் போன் செய்த இரவு
மூன்றாவது கொம்பின் வளைவில்
கத்தி வழுக்கியது.
என்ன சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை.
ஒரு கோதுமை மணியளவு பிசகு,
இரண்டு கம்பளத்திலும்.
இடம்புரி நூலையும் வலம்புரி நூலையும் சேர்த்துவைத்துத்
தைத்து மூடினாள்.
மூடியது பாதிதான்.

ஆகஸ்டில், பிஷ்கெக்கில், ஒரு கடைக்கண்ணாடிக்குப் பின்னால்
அது தொங்கியது
வேறொருத்தி பெயர் எழுதிய அட்டையோடு,
ஏழு மடங்கு விலையோடு.
படம் அனுப்பியது பூசய்ராவின் மகன்.
விரல்களால் படத்தை விரித்தாள், இன்னும் விரித்தாள்.
மூன்றாவது கொம்பு.

ஆறு மணி நேர மினிபஸ். மடியில் சுருட்டிய மற்றொன்று.
கடைக்காரர் நிறையப் பேசினார்:
ரசீது, ஏஜென்ட், நம்பிக்கை, தொழில் தர்மம்.
அவள் பூட்ஸைக் கழற்றிவிட்டு
கொண்டுவந்ததைத் தரையில் விரித்தாள்.
தொங்கியதை இறக்கச் சொல்லி
ஒட்டினாற்போல் விரித்தாள்.
பிசகு பிசகைப் பார்த்தது.
அவர் குனிந்தார்.
வேறு கண்ணாடி மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

அட்டையில் பெயர் மாறியது.
பணமும் வந்தது, பாதி.
மீதிக்கு மாதாமாதம் போன் செய்கிறாள்,
மரியாதையாகத்தான்.

தேநீர்க் கோப்பையின் அடிவட்டத்தில்
இப்போதும் கத்தியை நன்றாகத் தீட்டுகிறாள்.
வெட்டி முடிப்பதற்குள் ஓர் இடத்தில்,
எந்த இடமென்று பூசய்ராவிடம்கூடச் சொல்வதில்லை,
கையைக் கொஞ்சம்
நடுங்க விடுகிறாள்.