நான்கு மதிப்பெண்

என் பையில் ஒரு வெப்பமானி,
கையுறை இரண்டு ஜோடி,
மாவட்ட முத்திரை போட்ட தாள்கள்.
வெர்மான்ட் சாலையில் நான் இறங்கினால்
பூனை நுழைந்த புறாக்கூடுபோல
சமையலறைகள் படபடக்கும்.

அசல் சால்வடோர் சாப்பாடு எங்கே கிடைக்கும்
என்று அலுவலகத்தில் என்னைத்தான் கேட்பார்கள்.
சான் விசென்டேயில் பிறந்தவள் அங்கே நான் ஒருத்திதான்.
கடையின் பெயரைச் சொல்லக் கூடாது, விதி.
ஆனாலும் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது.

கொடி பெரிதாக இருந்தால் ருசி சிறிதாக இருக்கும்.
பட்டியலில் பர்ரிட்டோ முதலில் நின்றால்
பேசாமல் தாண்டிப் போ.
புபூசாவோடு முள்கரண்டி வைக்கிறவர்களுக்கு
நம்மைத் தெரியாது.
ஓர்ச்சாத்தா வெள்ளை வெளேரென்று இருந்தால் அது அரிசி;
நம்முடையது மண்நிறம்,
வறுத்த மோர்ரோ விதையின் மணம்,
அடியில் கொஞ்சம் வண்டல்.
லொரோக்கோ மொட்டு எல்லா இடத்திலும்
உறைந்த பொட்டலம்தான், அதில் வெட்கமில்லை.
கீரையைக் கிள்ளிப் போட்டு
லொரோக்கோ என்று விற்பவனும் இருக்கிறான்.
அவனுக்கு நான் போட்டது தொண்ணூற்றெட்டு.
கீரை சுத்தமாக இருந்தது, என்ன செய்ய.

கடைசியில் காது.
சுவருக்கு அந்தப் பக்கம்
இரண்டு உள்ளங்கைகள், தட்டி, திருப்பி, தட்டி,
பிடிக்காத பேச்சுக்கு யாரோ
சிக்கனமாகக் கைதட்டுவதுபோல.
அது கேட்டால் உட்காரலாம்.

அப்படிக் கேட்டுத்தான் நின்றேன்,
சலவைக்கடைக்கும் டயர்க்கடைக்கும் நடுவே
ஆறு மேசை, ஒரு மின்விசிறி,
நின்யா அடிலியாவின் கடையில்.
நின்யா என்றால் சிறுமி. வயது ஐம்பத்திரண்டு.
எங்களிடம் மரியாதை கூடக் கூட
பெண் சிறுமியாகிக்கொண்டே போவாள்.

மேசைக்கு ஒரு கண்ணாடி ஜாடி குர்த்தீதோ:
முட்டைக்கோஸ், காரட், ஓரிகானோ,
மூன்று நாள் தானாகப் புளித்து
உள்ளிருந்து மூடியை முட்டிக்கொண்டு.
வெப்பமானியை இறக்கினேன்.
எழுபத்திரண்டு.
நாற்பத்தொன்றைத் தாண்டக் கூடாது.

"குளிர்பெட்டியில் வையுங்கள்."
"வைத்தால் தூங்கிவிடும்."
"இது விதி."
"யாருடைய விதி?"

நான்கு மதிப்பெண் குறைத்தேன்.
தொண்ணூற்றிரண்டு எண்பத்தெட்டானது.
ஜன்னலில் இருந்த ஏ-வை நானே உரித்து
பி ஒட்டினேன். ஒரு மூலை ஒட்டவில்லை,
கட்டைவிரலால் தேய்த்தேன்.

கல்லிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.
விளிம்பில் வழிந்த சீஸ்
கருகிச் சரிகையாகியிருந்தது.
ஆய்வாளர் எதையும் வாங்கக் கூடாது,
அதுவும் விதி என்றேன்.
பாத்திரம் கழுவும் பையனிடம் கொடுத்துவிட்டாள்.
என்னைப் பார்த்துக்கொண்டே தின்றான் அவன்.

காரில் உட்கார்ந்து அறிக்கையை முடிக்கையில்
விரல் நுனியில் புளிப்பு வாடை.
கையுறை போட்டுத்தானே இருந்தேன்?

சனிக்கிழமை ருதிலியோவைக் கூட்டிக்கொண்டு போனேன்.
வரிசை சலவைக்கடை வாசல்வரை நின்றது.
பி என்ற எழுத்தை யாரும் படிக்கவில்லை,
அல்லது படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

எங்கள் மேசையில் மட்டும் ஜாடி இல்லை.
அவளே வந்து ஒரு கிண்ணம் வைத்தாள்:
பனி பூத்த முட்டைக்கோஸ்,
நடுவில் கொடிக்கம்பம்போல ஒரு வெப்பமானி.
முப்பத்தொன்பது.
"உங்களுக்கென்றே, நின்யா ஆய்வாளர்."
கடையே திரும்பிப் பார்த்தது.
ருதிலியோ ஒரு வாய் எடுத்து மென்றான்.
"ஆஸ்பத்திரி" என்றான்.

பக்கத்து மேசையில்
சிமெண்ட் தூசி படிந்த நால்வர்.
நான் கேட்கும் முன்பே ஒருவன்
ஜாடியை இந்தப் பக்கம் தள்ளினான்.
மூடியைத் திருகியதும்
சின்னதாக ஏப்பம் விட்டது அது.
புபூசாவைப் பிய்த்தேன், ஆவி விரலைச் சுட்டது.
குறைத்த நான்கு மதிப்பெண்ணையும்
கையாலேயே அள்ளித் தின்றேன்.

இருபத்திரண்டு டாலர்.
ஒரு சென்ட் தள்ளுபடியில்லை.
திங்கட்கிழமை மறு ஆய்வு.